எழுதி வைத்தால்தான் வளர்ச்சி தெரியும்
முப்பாய்ச்சல் பாயும் பிள்ளைகளுக்குப் பருவத் தொடக்கச் சோதனை

அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மடுவத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். தராசை ஒரு சோடிக் கண் அல்ல, பத்துச் சோடிக் கண் பார்த்துக்கொண்டிருக்கும். கிலோ சொன்னதும், "எழுதிட்டீங்களா ஐயா?" என்று கேட்காமல் ஓர் அம்மாவும் நகர மாட்டார். எழுதாத கிலோ கையில் வராது என்பது நம் மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் அல்ல.

ஆனால் அதே அம்மாவின் பிள்ளை பின்னேரம் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகிறது. அம்மா சேரைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "புள்ள நல்லா பாயுறாளா சேர்?" சேரும், "நல்லா பாயுறா" என்பார். எவ்வளவு பாய்கிறாள், போன மாதம் எவ்வளவு, எது கூடியது, எது கூடவில்லை என்று இரண்டு பேரிடமும் கணக்கு இல்லை. வலயப் போட்டி முடிந்த பிறகுதான் கதை தெரிய வரும். அப்போது தெரிந்து என்ன செய்வது?

இந்த இதழில், முப்பாய்ச்சல் பயிலும் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே எப்படி அளப்பது, எப்படி எழுதி வைப்பது, எழுதியதை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஓர் அளவு நாடா, நேரம் பார்க்க ஒரு கைத்தொலைபேசி, ஒரு நாற்பது பக்கக் கொப்பி, ஒரு பென்சில். இவ்வளவுதான்.

முப்பாய்ச்சல் என்றால் என்ன?

ஓடி வந்து ஒரு காலால் எழும்பி, அதே காலில் இறங்குவது முதலாவது. இதைக் கெந்தல் என்போம். அந்தக் காலாலேயே மீண்டும் எழும்பி மறு காலில் இறங்குவது இரண்டாவது. இது தாவல். அந்த மறு காலால் எழும்பி மணலில் விழுவது மூன்றாவது. இது பாய்ச்சல். மூன்றும் சேர்ந்த தூரம்தான் கணக்கு.

நவீன ஒலிம்பிக் 1896ல் ஏதென்ஸில் தொடங்கியபோதே ஆண்களுக்கு இந்தப் போட்டி இருந்தது. பெண்களுக்கு வழி திறக்கத்தான் காலம் எடுத்தது. உலக மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் முப்பாய்ச்சல் 1993ல் வந்தது, ஒலிம்பிக்கில் 1996ல் வந்தது. "பொம்பளப் புள்ளைக்கு இது ஒத்துக்காது" என்று யாராவது லயத்தில் சொன்னால் இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள். 2019ல் டோஹாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில், பெண்கள் முப்பாய்ச்சலில் வெண்கலப் பதக்கம் எடுத்தவர் நம் நாட்டு வீராங்கனை விதூஷா லக்ஷானி.

ஏன் பருவம் தொடங்கும்போதே சோதனை?

பல இடங்களில் நடப்பது இதுதான். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு, முழு வேகத்தில் ஓடவிட்டு, முழுத் தூரம் பாயவிட்டுப் பார்க்கிறோம். பாய்ந்தவளைச் சேர்க்கிறோம். மற்றவளை விட்டுவிடுகிறோம். இது பொறுக்குவது. பயிற்சி அல்ல.

பருவத் தொடக்கச் சோதனையின் நோக்கம் வேறு. யார் பெரியவள் என்று பார்க்க அல்ல, இந்தப் பிள்ளைக்கு அடுத்த நான்கு கிழமை என்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே சோதனை. போட்டிக்குப் பத்துக் கிழமை இருக்கும்போது முதல் சோதனை, நான்கு கிழமை கழித்து இரண்டாவது, எட்டுக் கிழமை கழித்து மூன்றாவது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது முடிந்தும் போட்டிக்கு இரண்டு கிழமை மிச்சம் இருக்கும். அந்த நாட்களில் பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தேற்றலாம்.

ஐந்து சோதனைகள்

பாய்கிறவர்களையும் எறிகிறவர்களையும் எளிய சோதனைகளால் அளப்பது புதிய வழக்கம் அல்ல. பிரித்தானியாவில் எறிதல் பயிற்றுநராக இருந்த மேக்ஸ் ஜோன்ஸ் என்பவர் 1982ல் நான்கு சோதனைகளை வகுத்தார். நின்ற இடத்திலிருந்து நீளம் பாய்தல், இரண்டு கால்களையும் சேர்த்து மூன்று முறை பாய்தல், 30 மீற்றர் ஓட்டம், இரும்புக் குண்டைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிதல் என்பவை அவை. முப்பாய்ச்சல் பிள்ளைக்கு நம் தோட்ட மைதானத்தில் செய்யக் கூடியவையாக ஐந்தைக் கீழே தருகிறோம்.

1. 30 மீற்றர் ஓட்டம். நின்ற நிலையிலிருந்து ஓட வேண்டும். கைதட்டி அனுப்ப வேண்டாம். பிள்ளை தானாகக் கிளம்பட்டும். பின்கால் நிலத்தை விட்டு எழும்பும்போது நேரத்தைத் தொடங்கி, நெஞ்சு கோட்டைத் தாண்டும்போது நிறுத்துங்கள். இது வேகத்தைக் காட்டும்.

2. நின்று நீளம் பாய்தல். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, கையை வீசி ஒரே பாய்ச்சல். குதிங்கால் விழுந்த இடம் வரை அளக்க வேண்டும். இது காலின் பலத்தைக் காட்டும்.

3. ஐந்து தாவல். நின்ற இடத்திலிருந்து கால் மாற்றிக் கால் மாற்றி ஐந்து தாவல் போய்க் கடைசியில் மணலில் விழ வேண்டும். இறங்கிய காலில் உடனே எழும்புகிற திறமையை இது காட்டும். முப்பாய்ச்சலுக்கு உயிர் இதுதான்.

4. ஒற்றைக்கால் கெந்தல், 20 மீற்றர். வலக் காலுக்கு ஒரு நேரம், இடக் காலுக்கு ஒரு நேரம். புல் தரையில் மட்டும் செய்யுங்கள். எந்தக் கால் பின்தங்குகிறது என்று இது காட்டிக் கொடுக்கும்.

5. குறுகிய ஓட்டத்தில் முப்பாய்ச்சல். முழு ஓட்டம் வேண்டாம். எட்டுக் காலடி ஓடி வந்து பாய்ந்தால் போதும். மொத்தத் தூரத்தை மட்டும் அல்ல, மூன்று பகுதிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இறங்கும் இடங்களில் லேசாகச் சாம்பல் தூவி வைத்தால் கால் பதிந்த இடம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் கால் நுனியிலிருந்து கால் நுனி வரைக்கும், கடைசியில் மணலில் பின்னால் பதிந்த அடையாளம் வரைக்கும் அளவெடுங்கள்.

இந்த ஐந்தாவதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போட்டியில் மிதிபலகையின் மணல் பக்க விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். பிள்ளை பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே எழும்பினால் அந்தச் சாண் நட்டம். சோதனையில் அப்படி அளக்கக் கூடாது. எங்கிருந்து கால் எழும்பியதோ அங்கிருந்து அளக்க வேண்டும். பலகையில் கால் வைப்பது ஒரு திறமை, பாய்கிறது இன்னொரு திறமை. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பினால் எதைத் திருத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

பலகைக்கும் மணலுக்கும் இடையில் உள்ள தூரத்திலும் கவனம் வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் இது ஆண்களுக்கு 13 மீற்றரும் பெண்களுக்கு 11 மீற்றரும் இருக்கும். பத்து மீற்றர் பாய்கிற பிள்ளையை அங்கே நிறுத்தினால் அது கட்டாந்தரையில்தான் விழும். எட்டுக் காலடி ஓட்டத்துக்கு மணலிலிருந்து ஏழு மீற்றரளவில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து பாயவிடுங்கள்.

ஈரக் கொழுந்தும் சரிவான மைதானமும்

மழை நாளில் கொழுந்து நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்து நிறுபடும். அதனால்தான் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று போடுகிறார்கள். அந்தக் கழிவு நியாயமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆனால் ஈரக் கொழுந்தின் நிறையும் காய்ந்த கொழுந்தின் நிறையும் ஒன்றல்ல என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம்.

சோதனை எண்களிலும் இப்படி ஈரம் ஏறும். நம் மைதானங்கள் மலையை வெட்டி எடுத்தவை. ஒரு பக்கம் பள்ளமாகத்தான் இருக்கும். பள்ளத்தை நோக்கி ஓடினால் நேரம் குறையும், பாய்ச்சல் கூடும். முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தாலும் அப்படித்தான். செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் பின்காற்று அடித்தால் அந்தப் பாய்ச்சலைச் சாதனையாக ஏற்க மாட்டார்கள் என்பது சர்வதேச விதி. உயரமான இடத்தில் காற்று மெல்லியதாக இருப்பதும் கொஞ்சம் உதவும். 1968ல் 2,240 மீற்றர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே முப்பாய்ச்சல் உலக சாதனை தெரிவுச் சுற்றிலும் இறுதிச் சுற்றிலுமாக ஐந்து தரம் முறிந்தது. கடைசியில் சோவியத் வீரர் விக்டர் சனெயெவ் 17.39 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆகவே நுவரெலியாவில் எடுத்த எண்ணையும் கொழும்பில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரி வராது.

இதற்கு வழி சுலபமானது. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வையுங்கள்.

ஒரே மைதானம், ஒரே திசை. ஒரே நேரம்: முதல் சோதனை பின்னேரம் நான்கு மணிக்கு என்றால் மற்றவையும் அதே நேரம். ஒரே சப்பாத்து: முதல் தடவை வெறுங்காலோடு செய்தால் அடுத்த தடவையும் வெறுங்கால்தான். நேரம் எடுப்பவர் ஒரே ஆள். சோதனைக்கு முந்திய இரண்டு நாட்கள் கடும் பயிற்சி வேண்டாம். மழை, பனிமூட்டம், பலத்த காற்று என்றால் நாளை மாற்றுங்கள்.

கையால் எடுக்கும் நேரத்துக்கும் ஒரு குறை உண்டு. மின்னியல் கருவியோடு ஒப்பிடும்போது கைக்கணக்கு சுமார் 0.24 செக்கன் குறைவாகக் காட்டும் என்று மெய்வல்லுநர் கணக்குகளில் வைத்துக்கொள்வார்கள். விரல் ஒரு தரம் முந்தும், ஒரு தரம் பிந்தும். எனவே 0.1 செக்கன் கூடியதற்கும் குறைந்ததற்கும் கூத்தாட வேண்டாம், அழவும் வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு வித்தியாசம் வந்தால் உண்மையான வித்தியாசம்? அதையும் பிள்ளையிடமே கேட்கலாம். முதல் கிழமையில் இதே சோதனைகளை இரண்டு நாள் செய்யுங்கள், உதாரணமாகச் செவ்வாயும் சனியும். நான்கு நாளில் காலும் வளராது, பலமும் கூடாது. ஆனாலும் எண்கள் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம்தான் அந்தப் பிள்ளையின் இயல்பான ஆட்டம். பிறகு வருகிற சோதனையில் வித்தியாசம் அதைவிடக் கூடினால்தான் அதை முன்னேற்றம் அல்லது பின்னடைவு என்று சொல்லலாம்.

ஒரு கொப்பியை வாசிப்போம்

விளங்கிக்கொள்வதற்காக ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வோம். பதினைந்து வயது. கீழ் டிவிஷன் என்று வையுங்கள். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் கடையில் வேலை. வலக் காலால் கெந்துகிற பிள்ளை. அவளுடைய கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறது.

முதல் சோதனை: ஓட்டம் 5.0 செக்கன். நின்று பாய்தல் 2.00 மீற்றர். ஐந்து தாவல் 10.20 மீற்றர். கெந்தல் வலது 4.5 செக்கன், இடது 5.1 செக்கன். முப்பாய்ச்சல் 9.70 மீற்றர் (கெந்தல் 3.70, தாவல் 2.30, பாய்ச்சல் 3.70).

நான்கு கிழமை கழித்து: ஓட்டம் 5.1. நின்று பாய்தல் 1.97. ஐந்து தாவல் 10.15. கெந்தல் வலது 4.6, இடது 4.9. முப்பாய்ச்சல் 9.68 (கெந்தல் 3.45, தாவல் 2.55, பாய்ச்சல் 3.68).

முதல் கிழமையில் இரண்டு நாள் செய்தபோது அவளுடைய எண்கள் ஆடிய அளவு இது. ஓட்டத்திலும் கெந்தலிலும் 0.1 செக்கன், நின்று பாய்தலில் 5 சென்றிமீற்றர், ஐந்து தாவலில் 15 சென்றிமீற்றர், முப்பாய்ச்சலில் 10 சென்றிமீற்றர்.

இரண்டாவது சோதனை முடிந்த அன்று அம்மா மைதானத்துக்கு வருகிறார். அவருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

"சேர், ஒரு மாசமா அனுப்புறேன். ஒன்பது எழுவது பாஞ்ச புள்ள ஒன்பது அறுவத்தெட்டுதான் பாயுறா. கொழுந்து நல்லா வர்ற காலம். நான் வீட்டுக்கு வர இருட்டிப் போவுது. சின்னவனைப் பாத்துக்க ஆள் இல்ல. இனி இவள நிப்பாட்டிறவா?"

மொத்தத் தூரத்தை மட்டும் பார்த்தால் அம்மா கேட்பது நியாயம். ஒரு மாதம் போயும் ஒரு சென்றிமீற்றர் கூடவில்லை. ஆனால் கொப்பியில் வேறு கதையும் இருக்கிறது.

"ஒரு நிமிசம் உக்காருங்கம்மா" என்று சேர் கொப்பியைத் திறக்கிறார். "இந்த அஞ்சு நம்பரும் கொஞ்சம் கொஞ்சம் ஆடியிருக்கு. ஆனா அது அவளோட வழமையான ஆட்டம். அத விடுங்க. உண்மையா நகர்ந்தது மூணுதான். பாருங்க. தாவல் ரெண்டு முப்பதுல இருந்து ரெண்டு அம்பத்தஞ்சு. இடது கால் கெந்தல் அஞ்சு ஒண்ணுல இருந்து நாலு ஒன்பது. கெந்தல் தூரம் இருபத்தஞ்சு சென்றிமீற்றர் கொறஞ்சிருக்கு. அத நான்தான் கொறைக்கச் சொன்னேன்."

கெந்தலைக் குறைக்கச் சொல்வதா? எதற்கு? இங்கேதான் முப்பாய்ச்சலின் சூட்சுமம் இருக்கிறது.

மூன்று பகுதியும் ஒரு குடும்பம்

புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் முதல் கெந்தலிலேயே எல்லாப் பலத்தையும் போட்டு உயரமாக எழும்பிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உயரத்திலிருந்து இறங்கும்போது முழங்கால் மடிந்துவிடும், வேகம் அங்கேயே செத்துவிடும். இரண்டாவதாக வரும் தாவல் ஒரு சிறு அடி வைப்பது போல் சுருங்கிப் போகும். மறு கால் பலவீனமாக இருந்தால், அதில் இறங்கப் பயந்து பிள்ளை காலைச் சீக்கிரமே ஊன்றிவிடும். தாவல் இன்னும் சுருங்கும். சம்பளம் வந்த முதல் நாளே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு நடு மாதத்தில் கடன் வாங்குகிற கதைதான்.

இங்கிலாந்து வீரர் ஜொனதன் எட்வேர்ட்ஸ் 1995ம் ஆண்டு ஓகஸ்ட் 7ம் திகதி சுவீடனின் கோதன்பர்க் நகரில் 18.29 மீற்றர் பாய்ந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதைத் தாண்டவில்லை. அந்தப் பாய்ச்சலின் மூன்று பகுதிகளையும் அளந்து வைத்திருக்கிறார்கள். கெந்தல் 6.05, தாவல் 5.22, பாய்ச்சல் 7.02. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் கெந்தல் 33, தாவல் 28.5, பாய்ச்சல் 38.5 அளவில் வரும். முதல் பகுதியில் அடக்கி வாசித்து, வேகத்தைக் கடைசிப் பகுதி வரை கொண்டுபோயிருக்கிறார்.

எல்லோரும் இதே பங்கில் பாய வேண்டும் என்று சட்டம் இல்லை. கெந்தலை நீட்டுகிற சாம்பியன்களும் உண்டு. ஆனால் தாவல் நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் கீழே கிடந்தால், பழகுகிற பிள்ளைக்கு முதலில் திருத்த வேண்டிய இடம் அதுதான் என்று பெரும்பாலும் சொல்லலாம். நம் கொப்பிப் பிள்ளைக்கு முதல் சோதனையில் தாவல் 23.7. இரண்டாவதில் 26.3.

அத்தோடு இரண்டு கால்களின் கணக்கும் இருக்கிறது. முதல் சோதனையில் இடக் காலுக்கு 0.6 செக்கன் கூடுதலாகத் தேவைப்பட்டது. வலக் காலை விட நூற்றுக்குப் பதின்மூன்று பின்னால். இரண்டாவதில் வித்தியாசம் 0.3 ஆகக் குறைந்துவிட்டது. நான்கு கிழமையாகச் சேர் புல்லில் இடக் காலுக்குக் கூடுதல் கெந்தல் கொடுத்ததன் பலன் அது.

மொத்தம் ஏன் கூடவில்லை? கடும் பயிற்சியின் நடுவில் கால் களைத்திருக்கும். அந்த நேரத்தில் ஓட்டமும் பாய்தலும் அசையாமல் நிற்பது வழக்கம், சில சமயம் கொஞ்சம் இறங்கவும் செய்யும். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து, "கொழுந்து இல்லையே" என்று யாரும் தேயிலையைப் பிடுங்கிப் போடுவதில்லை. துளிர் வரக் காத்திருக்கிறோம். அப்படித்தான் இதுவும்.

அம்மா நிறுத்தவில்லை. கிழமைக்கு நான்கு நாளாக இருந்த பயிற்சியை மூன்று நாளாக்கச் சேர் ஒத்துக்கொண்டார். மற்ற நாட்களில் பிள்ளை வீட்டில் நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டாள். எட்டாவது கிழமைச் சோதனைக்கு முந்திய கிழமை பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார்கள். கொப்பி இப்படிச் சொன்னது: ஓட்டம் 4.8. நின்று பாய்தல் 2.08. ஐந்து தாவல் 10.75. கெந்தல் வலது 4.4, இடது 4.6. முப்பாய்ச்சல் 10.15 (கெந்தல் 3.60, தாவல் 2.75, பாய்ச்சல் 3.80).

இம்முறை நகர்ந்தது மூன்று எண்கள் மட்டும் அல்ல. கிட்டத்தட்ட எல்லாமே நகர்ந்திருக்கிறது. நடு மாதத்தில் கொப்பி இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இந்த இடத்துக்கு வந்தே இருக்க மாட்டாள்.

எண் இறங்கினால் திட்டாதீர்கள், காரணம் தேடுங்கள்

சில நேரம் எண் உண்மையிலேயே இறங்கும். வழமையான ஆட்டத்தை விடக் கூடுதலாக, இரண்டு மூன்று சோதனைகளில் ஒன்றாக இறங்கினால் அது உடம்பு அனுப்புகிற செய்தி. இவற்றைப் பாருங்கள்.

வளர்த்தி: பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள் பிள்ளை திடீரென்று வளரும். லயத்துக் கதவு நிலையில் மாதம் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேகமாக வளர்கிற மாதங்களில் கை கால் ஒழுங்குக்கு வராது, எண் இறங்கலாம். அந்த நாட்களில் தாவல் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

நோவு: முழங்கால் சிரட்டைக்குக் கீழே அல்லது குதிக்காலில் நோவு என்று பிள்ளை சொன்னால் அது சாட்டு அல்ல. வளரும் எலும்பில் தசைநார் இழுக்கிற இடங்கள் அவை. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் பாயவிட வேண்டாம். பாய்வதை நிறுத்தி, நோவு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரிய வீரர்கள் முப்பாய்ச்சலில் இறங்கும்போது காலில் விழுகிற விசை உடல் நிறையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் போகும். சோதனையும் காலுக்கு ஒரு சுமைதான். ஒவ்வொன்றையும் மூன்று தரத்துக்கு மேல் செய்விக்க வேண்டாம். சீமெந்துத் தரையிலும் தார் றோட்டிலும் ஒருபோதும் வேண்டாம்.

சாப்பாடு: காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் ரொட்டியும் சம்பலும் என்றால் கால் எங்கிருந்து எழும்பும்? பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, கீரை என்று வீட்டில் முடிந்ததைச் சேருங்கள். நம் பெண் பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை அதிகம் வருகிறது. சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இன்னொரு விஷயம், நாமே உற்பத்தி செய்கிற பொருளைப் பற்றியது: சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கப் பழக்குங்கள்.

நித்திரையும் வீட்டு வேலையும்: தண்ணீர் தூக்குவது, விறகு சுமப்பது எல்லாம் காலுக்கு வேலைதான். சோதனைக்கு முதல் நாள் பிள்ளை மலையேறி விறகு கொண்டு வந்திருந்தால் அதையும் கொப்பியில் எழுதுங்கள். பெண் பிள்ளையின் மாத நாட்களும் எண்ணை மாற்றலாம். இதைப் பிள்ளையின் விருப்பத்தோடு அம்மாவோ ஆசிரியையோ மட்டும் குறித்து வைத்தால் போதும். மற்றவர்கள் பார்க்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. சோதனை எண்களைப் பலகையில் ஒட்டி, "இவளைப் பார், உன்னைப் பார்" என்று சொல்ல வேண்டாம். கொப்பி அந்தப் பிள்ளையுடையது. ஒப்பிட வேண்டியது போன மாதத்து அவளோடு மட்டும்தான்.

பெற்றோர்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இனி மைதானத்துக்குப் போனால், "நல்லா பாயுறாளா?" என்று கேட்பதோடு நிற்காமல் இவற்றையும் கேளுங்கள்.

1. போன சோதனையை விட எது உண்மையில் கூடியது?
2. எது அப்படியே நிற்கிறது, அதற்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?
3. இரண்டு காலும் ஒரே அளவுக்கு வந்துவிட்டதா?
4. அடுத்த சோதனை என்றைக்கு?

கேட்டுவிட்டு மடுவத்தில் கேட்கிற கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: "எழுதிட்டீங்களா சேர்?"